இன்ஜினை இறக்குவதற்கு முன்: ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வை இனம் காணுதல்

வண்டி உதறுகிறது என்று பட்டறைக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போதிலிருந்து?" என்பதுதான். "வாங்கின நாள்லேர்ந்தே இப்படித்தாண்ணே" என்றால் ஒரு வழி. "போன மாசம் செயின் மாத்தினதுக்கு அப்புறம்" என்றால் வேறு வழி. "ரீபோர் பண்ணி எடுத்ததுலேர்ந்து" என்றால் அதற்குத் தனி வழி. ஸ்பேனரைத் தொடும் முன்பே பாதி வேலை இங்கே முடிந்துவிடும். அதிராமல் ஓடும் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் உலகத்தில் கிடையாது. அதனால் நாம் தேட வேண்டியது, வழக்கமான அதிர்வோடு புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது என்பதை.

இன்ஜினைத் திறக்கும் வேலை இந்த அத்தியாயத்தின் கடைசியில்தான் வருகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். அதிர்வு என்றதும் "கிராங்க் போயிருக்கும், இறக்கிப் பார்த்துடலாம்" என்று சொல்லும் பட்டறைகள் ஊருக்கு ஊர் உண்டு. இறக்கி ஏற்றிய பிறகும் உதறல் அப்படியே இருக்கும். கடைசியில் தளர்ந்துபோன ஒரு ஃபவுண்டேஷன் போல்ட்தான் காரணம் என்று தெரியவரும். செலவில்லாத சோதனைகளை முதலில் செய்தால் இந்தத் தண்டம் மிச்சம்.

பிறவியிலேயே உள்ள உதறல்

பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ, பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ, கொள்ளளவு 346 சி.சி. நிமிடத்துக்கு 4500 சுற்றில் இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 75 முறை ஏறி 75 முறை இறங்குகிறது. அதாவது நொடிக்கு 150 தடவை முழுதாக நின்று திசை திரும்புகிறது. மேல் முனையில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். அந்த விசையை முதலில் கிராங்க் வாங்குகிறது, பிறகு இன்ஜின் கூடு, பிறகு ஃபிரேம், கடைசியில் உங்கள் உள்ளங்கை. சுற்று வேகம் ஏறும்போது இந்த விசை அதன் வர்க்கத்துக்கு ஏறும். 3000-லிருந்து 4500-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, உதறல் இரண்டே கால் மடங்கு.

இதை அடக்க, ஃப்ளைவீலில் கிராங்க் பின்னுக்கு எதிர்ப்பக்கம் கூடுதல் எடை வைக்கிறார்கள். சுற்றுகிற பாகங்களை இதனால் முழுக்க ஈடுகட்டிவிடலாம். ஏறி இறங்குகிற பிஸ்டனை அப்படி ஈடுகட்ட முடியாது. எதிர் எடை வட்டமாகச் சுற்றுகிறது, பிஸ்டனோ ஒரே கோட்டில் ஓடுகிறது. பிஸ்டனின் எடை முழுவதற்கும் ஈடு வைத்தால் மேல்-கீழ் உதறல் அடங்கி, அதே அளவு உதறல் முன்-பின்னாகக் கிளம்பும். ஆகவே பாதியையோ பாதிக்குச் சற்று மேலோ மட்டும் ஈடுகட்டி, மிச்சத்தை இரண்டு திசைக்கும் பங்கிட்டு விடுகிறார்கள். இந்தப் பங்கு, குறிப்பிட்ட ஃபிரேமையும் குறிப்பிட்ட எடையுள்ள பிஸ்டனையும் மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. ரீபோர் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

மிச்சத்தையும் அடக்குவதற்குத்தான் பேலன்ஸர் ஷாஃப்ட். கிராங்க்கின் அதே வேகத்தில் எதிர்த்திசையில் சுற்றும் இன்னொரு எடை அது. 2016-ல் வந்த ஹிமாலயன் 411-லும், 2020 நவம்பரில் மீட்டியார் 350-ல் அறிமுகமான 349 சி.சி இன்ஜினிலும், கே.டி.எம் 390-லும் அது இருக்கிறது. பழைய இரும்பு புல்லட்டிலும், 2009-ல் கிளாசிக் 350-ஓடு வந்த யு.சி.இ இன்ஜினிலும் இல்லை. பழைய கிளாசிக் ஓட்டியவர் அந்த 349 சி.சி இன்ஜின் உள்ள புதிய கிளாசிக்கில் ஏறியதும் "என்ன, செத்த மாதிரி இருக்கு" என்று முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். பேலன்ஸர் இருந்தாலும் கிராங்க்கைப் போல இரட்டை வேகத்தில் துடிக்கும் இரண்டாம் நிலை அதிர்வை அது தொடாது. முதல் நிலையில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும் அந்த மெல்லிய ரீங்காரம் எந்த ஒற்றை சிலிண்டரிலும் மிஞ்சும்.

ஸ்ப்ளெண்டர் போன்ற 97.2 சி.சி வண்டி பேலன்ஸர் இல்லாமலே சாதுவாக ஓடுவதற்குக் காரணம் பிஸ்டன் சிறியது, ஓட்டமும் குறுகியது: விட்டம் 50 மி.மீ, ஓட்டம் 49.5 மி.மீ. ஸ்ப்ளெண்டர் உதறினால் அதை "பழகிடும்" என்று விடாதீர்கள். இரும்பு புல்லட் 80 கி.மீ வேகத்தில் உதறினால் பதறவும் வேண்டாம்.

சாலையில் செய்யும் சோதனைகள்

டயரில் சரியான காற்று, நன்றாகச் சூடான இன்ஜின், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலை, பின்னால் ஆள் இல்லாத சவாரி. இவ்வளவுதான் தேவை. அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்று மட்டும் பார்க்கப் போகிறோம். அது இன்ஜின் சுற்றைப் பின்தொடரலாம், சக்கர வேகத்தைப் பின்தொடரலாம், அல்லது இன்ஜின் இழுக்கும் பாரத்தைப் பின்தொடரலாம்.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில், ஆக்சிலேட்டரை மெதுவாக முறுக்கி மெதுவாக விடுங்கள். சாலையில் தெரிந்த அதே உதறல் நின்ற இடத்திலும் வந்தால் டயர், சக்கரம், செயின், ஹப் எல்லாம் ஒரே அடியில் கழிந்துவிடும். நின்ற இடத்தில் வரவில்லை என்பதை வைத்து மட்டும் இன்ஜினை விடுவித்துவிட முடியாது. பாரம் ஏறினால்தான் வெளிப்படும் கோளாறுகளும் உண்டு.

அடுத்தது சாலையில். உதறல் தெரியும் வேகத்தில் போய், ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்ச்சைப் பிடியுங்கள். இன்ஜின் ஸ்லோ ஸ்பீடுக்கு இறங்கிவிடும், வண்டி அதே வேகத்தில் உருளும். உதறல் தொடர்ந்தால் சக்கரம், டயர், செயின், கோன் செட் பக்கம் தேடுங்கள். சட்டென்று நின்றால் இன்ஜின் பக்கம். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்து இதைச் செய்யாதீர்கள். ஓடும் வண்டியில் ஹேண்டில் லாக் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைக்கு ஆர்.பி.எம் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நடக்கும். ஒவ்வொரு கியரிலும் உதறல் எந்த வேகத்தில் உச்சத்துக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கியரில் 45-லும் நான்காம் கியரில் 60-லும் வந்தால் அது இன்ஜின் சுற்றைப் பின்தொடர்கிறது. எந்தக் கியரில் போனாலும் 60-ல்தான் வருகிறது என்றால் அது சக்கரத்தின் கணக்கு. கை சொல்லும் சேதியும் இதற்கு ஒத்துப்போகும். 19 அங்குல முன் சக்கரம் 60 கி.மீ வேகத்தில் நொடிக்கு எட்டு சுற்றுதான் சுற்றுகிறது. அந்த ஆட்டம் தடதடவென்று கிட்டத்தட்ட எண்ணக்கூடிய அளவில் வரும். இன்ஜின் 3000 சுற்றில் நொடிக்கு 50 துடிப்பு. அதை எண்ண முடியாது, கை மரத்துப்போவதுதான் தெரியும்.

நான்காவதாக, ஒரே வேகத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கி இழுக்க விட்டும், விட்டுவிட்டு ஓடவிட்டும் பாருங்கள். இழுக்கும்போது மட்டும் வருவதற்கும் விடும்போது மட்டும் வருவதற்கும் காரணங்கள் வேறு வேறு.

இந்தச் சோதனைகளில் இன்னொன்றும் கவனிக்கலாம். எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான்: உதறலின் ஏற்ற இறக்கம். சுற்று ஏற ஏறத் தடையில்லாமல் கூடிக்கொண்டே போனால் சமநிலை கெட்டிருக்கிறது. பிஸ்டன் எடை, கிராங்க், பேலன்ஸர் இவற்றில் ஏதோ ஒன்று. குறுகிய ஒரு வேகத்தில் மட்டும் சீறி வந்து, அதைத் தாண்டியதும் அடங்கினால் ஏதோ ஒரு பாகம் தன் இயல்பான துடிப்பில் ஒத்து அதிர்கிறது. அது பெரும்பாலும் தளர்ந்த ஒரு பிணைப்பு அல்லது புதிதாக மாட்டிய ஏதாவது ஒன்று. கீழ் வேகத்தில் மட்டும் உதறி, முறுக்கினால் தெளிந்துவிட்டால் எரிதல் ஒழுங்காக இல்லை.

செல்போனில் அதிர்வை அளக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 3000 சுற்றில் 50 ஹெர்ட்ஸில் ஒரு முகடு தெரிந்தால் அது கிராங்க், எட்டு அல்லது ஒன்பதில் தெரிந்தால் சக்கரம் என்று படிக்கலாம். போனைச் சட்டைப்பையில் வைத்தே பாருங்கள், ஹேண்டில் பாரில் நேரடியாக மாட்டாதீர்கள். அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிளின் அதிர்வு கேமராவின் நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

பிணைப்புகள்

சோதனைகள் இன்ஜின் பக்கம் கைகாட்டினாலும் கூட்டைத் திறக்க இன்னும் நேரம் வரவில்லை. முதலில் இன்ஜினை ஃபிரேமோடு பிடித்து வைத்திருப்பவற்றைப் பாருங்கள். நீண்ட நாள் அனுபவத்தில் சொல்கிறேன், திடீரென்று கூடிய உதறலுக்கு முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும்.

கழுவாத வண்டியில் பார்ப்பது நல்லது. தளர்ந்த போல்ட் தானே சாட்சி சொல்லும். இரண்டு இரும்புகள் மிக நுணுக்கமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் செந்நிறத் தூள் படியும். அலுமினியம் என்றால் கருஞ்சாம்பல் நிறத் தூள். ஃபவுண்டேஷன் நட்டைச் சுற்றியோ, இன்ஜின் பிளேட் ஃபிரேமைத் தொடும் விளிம்பிலோ இந்தத் தூள் தெரிந்தால் நட்டு எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் அந்தப் பிணைப்பு நகர்கிறது. வாட்டர் சர்வீஸ் பண்ணிவிட்டு வரச் சொல்லும் மெக்கானிக் இந்தச் சாட்சியைத் தானே அழித்துவிடுகிறார்.

புல்லட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, இன்ஜின் ஹெட்டை மேலேயுள்ள ஃபிரேம் குழாயோடு பிணைக்கும் சிறிய பட்டை. ஹெட் ஸ்டே என்பார்கள். தம்மாத்தூண்டு இரும்புத் துண்டுதானே என்று ஹெட்டைக் கழற்றி மாட்டும்போது அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. அது இல்லாமல் ஓடும் இன்ஜினின் உச்சி முன்னும் பின்னும் ஆடி, கீழே உள்ள ஃபவுண்டேஷன் போல்ட்டுகளைத் தின்றுவிடும். இரும்பு புல்லட்டில் கியர் பாக்ஸை இன்ஜினின் முதுகோடு பிணைக்கும் நட்டுகளையும் பாருங்கள். அவை தளர்ந்தால் உதறலோடு பிரைமரி செயினின் ஒழுங்கும் கெடும்.

இறுக்குவதிலும் முறை இருக்கிறது. தளர்ந்த ஒன்றை மட்டும் மல்லுக்கட்டி இறுக்கினால் இன்ஜின் கோணலாகவே நிலைத்துவிடும். ஆறிய இன்ஜினில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபவுண்டேஷன் நட்டுகள் எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்துங்கள். இன்ஜின் தன் இடத்தில் உட்காரட்டும். பிறகு எல்லாவற்றையும் கையால் முடுக்கி, அதன் பின் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஹெட் ஸ்டேக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் போல்ட்டால் இழுத்து மூடக் கூடாது; சரியான தடிமனுள்ள வாஷரை வைத்து நிரப்புங்கள். இழுத்துக் கட்டிய பட்டை எப்போதும் விறைப்பிலேயே இருந்து, பிடிமான காதோடு சேர்ந்து ஒருநாள் விரிசல் விடும். கழற்றிய போல்ட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவே தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தாலோ, துளை முட்டை வடிவமாகியிருந்தாலோ எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. போல்ட்டை மாற்ற வேண்டும். துளை மோசமென்றால் புஷ் போட வேண்டும். கைக்குக் கிடைத்த, அரை மில்லி மெலிந்த போல்ட்டைப் போட்டு மூடுவது அடுத்த மாதமே திரும்பி வரும் வேலை. இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஃபிரேம் வரை பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து விடுங்கள். கோடு உடைந்து விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது.

போல்ட்டெல்லாம் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால் ஃபிரேமில் விரிசல் தேடுங்கள். பிடிமான காதுகள் ஃபிரேமோடு வெல்டிங் ஆகும் இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் பொடியில் ஊறி ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டோடு வண்டியை ஓட்டாதீர்கள்.

தொங்கும் சாமான்களுக்கு எளிய சோதனை போதும். ஒருவர் உதறல் வரும் சுற்றில் ஆக்சிலேட்டரைப் பிடித்து நிற்க, இன்னொருவர் லெக் கார்டு, கேரியர், சேலை கார்டு, மட்கார்டு, நம்பர் பிளேட், ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடித்ததும் எது அடங்குகிறதோ அதுதான். சைலன்ஸரை மட்டும் கனத்த துணியைச் சுற்றிய கட்டையால் அழுத்துங்கள். ஹேண்டிலில் மட்டும் புதிதாகக் கை மரக்கிறது என்றால், சமீபத்தில் ஹேண்டில் பார் மாற்றினீர்களா என்று கேளுங்கள். அதன் நுனிகளில் இருக்கும் கனமான இரும்புக் குமிழ்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. புது பாருக்கு அவற்றை மாட்டாமல் விட்டால் அதுவே காரணம்.

எரிதலில் வரும் உதறல்

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல். அதில் ஒன்று தவறினால் ஒற்றை சிலிண்டரில் ஈடுகொடுக்க வேறு சிலிண்டர் இல்லை. ஸ்லோ ஸ்பீடில் வண்டி முழுவதும் குலுங்கி, முறுக்கினால் சீராகிறது என்றால் இங்கே தேடுங்கள்.

இங்கே ஒரு சிறு புகாரையும் சொல்லிவிடுகிறேன். "டக்... டக்..." என்று இடைவெளி விட்டுக் கேட்கும் சத்தத்துக்காக புல்லட்டின் ஸ்லோ ஸ்பீடை மிகக் கீழே இறக்கி வைப்பது நம்மூரில் ஒரு பழக்கம். ஆயில் பம்ப்பும் இன்ஜின் சுற்றிலிருந்துதான் ஓடுகிறது. அது மெதுவானால் பிக் எண்டுக்குப் போகும் ஆயிலும் குறையும். உதறலையும் வாங்கி, கிராங்க்கின் ஆயுளையும் குறைக்கும் சங்கீதம் அது. உயர் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் வண்டியைத் திணறவிட்டு ஓட்டுவதும் அதே வகைதான். அது கோளாறே இல்லை, ஓட்டுகிறவர் உண்டாக்கும் உதறல். ஒரு கியர் இறக்கினால் மறைந்துவிடும்.

ப்ளக், காற்று வடிகட்டி, கார்புரேட்டர் ஜெட் இவை வழக்கமான சர்வீஸில் அடங்குபவை; அவற்றுக்கு இந்த நூலின் வேறு அத்தியாயங்கள் இருக்கின்றன. அதிர்வு என்று வரும்போது கூடுதலாகப் பார்க்க வேண்டியது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு. அதன் ரப்பரில் வெடிப்பு இருந்தாலோ கேஸ்கெட் கசிந்தாலோ கணக்கில் வராத காற்று உள்ளே புகும். இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்ஸருக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த வேலை வேண்டாம்.

பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் கான்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ-க்குள் இருக்கட்டும். தானாகவே டைமிங்கை முன்தள்ளும் அமைப்பின் ஸ்பிரிங்குகள் தளர்ந்தால் கீழ் வேகத்திலேயே தீப்பொறி முந்திவிடும். ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் வெடிப்பு மோதும். உதறல் முரட்டுத்தனமாக இருக்கும். மேட்டில் இழுக்கும்போது தகரத்தில் சரளைக்கல் விழுவது போன்ற சத்தமும் சேரும். இந்தச் சத்தத்தோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழலாம். டேப்பட் மிக இறுக்கமாக இருந்தால் சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. காலையில் நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் குலுங்க ஆரம்பிக்கும் வண்டிக்கு இதைப் பாருங்கள். யு.சி.இ இன்ஜினில் டேப்பட் ஹைட்ராலிக், அங்கே இறுக்கித் தளர்த்த எதுவும் இல்லை.

செயினும் ஹப்பும்

கிளட்ச் பிடித்தும் அடங்காத உதறலுக்கு, அல்லது இழுக்கும்போது மட்டும் வரும் வெட்டுக்கு, இங்கே வாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, செயினின் தளர்ச்சியைப் பல இடங்களில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 30 மி.மீ, இன்னோரிடத்தில் 10 மி.மீ என்று வந்தால் செயின் சீரில்லாமல் நீண்டிருக்கிறது. பின் சக்கரம் இரண்டரை, மூன்று சுற்று சுற்றும் நேரத்தில் செயின் ஒரு முழுச் சுற்று வரும். ஆகவே இந்தக் கோளாறு சக்கர ஆட்டத்தைவிட மெதுவாக, ஓர் இழுப்பு ஒரு விடுதலை என்று மாறி மாறித் தெரியும். இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள். துணியைப் பிடித்து ஓடும் செயினைத் துடைக்கப் போய் விரலைப் பறிகொடுத்தவர்கள் இல்லாத ஊர் இல்லை.

ஸ்ப்ராக்கெட் பற்கள் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போல ஆகியிருந்தால் செயினோடு சேர்த்து முழு செட்டையும் மாற்றுங்கள். புது செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் புதியதும் சீக்கிரம் பழையதாகும். ஹப் ரப்பர் தேய்ந்ததைக் கண்டுபிடிக்க, கியரில் போட்டு வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் நகராமல் சக்கரம் மட்டும் கணிசமாக ஆடினால் ரப்பர் போய்விட்டது. அப்படி ஆனால் இன்ஜினின் ஒவ்வொரு துடிப்பும் வடிகட்டாமல் சக்கரத்துக்குப் போகும்.

கம்பி தளர்ச்சி, ரிம் ஆட்டம், கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ் இவை ஆட்டத்தைச் சேர்ந்தவை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியைப் பிடித்தாலே பாதி தெரிந்துவிடும்.

இன்ஜினுக்குள்

இவ்வளவும் பார்த்த பிறகும் உதறல் சுற்றோடு கூடிக்கொண்டே போகிறது என்றால்தான் உள்ளே. அப்போதும் முதலில் இரண்டு பக்க மூடிகளை மட்டும் கழற்றுங்கள். மேக்னெட் ரோட்டரின் நட்டு தளர்ந்து சாவி தேய்ந்தாலோ, கிராங்க் முனையிலுள்ள பிரைமரி ஸ்ப்ராக்கெட்டின் நட்டு தளர்ந்தாலோ வரும் தட்டல் சத்தம் பிக் எண்ட் போனது போலவே கேட்கும். தேர்ந்த காதையும் ஏமாற்றும். ஒரு நட்டை இறுக்கினால் தீர்வதற்கு கிராங்க் மாற்றியவர்கள் உண்டு.

அதுவும் சரியாக இருந்தால் சிலிண்டரைத் தூக்கி, கிராங்க்கை மேல் நிலையில் நிறுத்தி, கன்ராடை நேராக மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சறுக்கும் ஆட்டம் இருக்க வேண்டியதுதான், அதைக் கண்டு பயப்படாதீர்கள். மேல்-கீழாகக் கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பிக் எண்ட் முடிந்தது.

தட்டல் இல்லாமல் உதறல் மட்டும் இருந்தால், வண்டியின் வரலாற்றைக் கேளுங்கள். ஓடும்போது பிஸ்டன் பிடித்துக்கொண்டதா? செயின் அறுந்து சிக்கியதா? அப்படித் திடீரென்று நின்ற கிராங்க்கில் இரண்டு ஃப்ளைவீல்களும் பின்னில் நூலிழை திரும்பியிருக்கலாம். லேத்தில் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜால் அளந்தால் தெரியும். பல நிறுவனக் கையேடுகள் ஷாஃப்ட் முனையில் அனுமதிக்கும் ஆட்டம் 0.03 முதல் 0.10 மி.மீ-க்குள்தான். கன்ராடு கிட் மாற்றிய கிராங்க்குக்கும் இந்தச் சோதனை கட்டாயம். "பிரஸ்ல ஏத்தி சுத்தியல்ல தட்டி நேர் பண்ணிட்டேன்" என்று லேத்காரர் சொன்னால், அந்தத் தட்டலுக்குப் பிறகு டயல் கேஜ் என்ன காட்டியது என்று எண்ணாகக் கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவரிடம் கிராங்க்கைக் கொடுக்காதீர்கள்.

ரீபோர் பண்ணியதிலிருந்து உதறல் என்று சொன்னவருக்கான பகுதி இது. புது ஓவர்சைஸ் பிஸ்டன் பழையதைவிடக் கனமாக இருந்தால், ஃப்ளைவீலில் போட்ட அந்தப் பங்குக் கணக்கு பொய்யாகிவிடுகிறது. பழைய பிஸ்டனையும் புதியதையும் பின், ரிங்குகளோடு தராசில் வைத்துப் பாருங்கள். ஓரிரு கிராம் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. 30 கிராம் கூடினால் புல்லட்டில் 4500 சுற்றில் அது சுமார் 30 கிலோ எடைக்குச் சமமான கூடுதல் விசை, நொடிக்கு 75 தடவை. பிஸ்டனை வாங்கும்போதே தராசு இருக்கிற கடையில் வாங்குவது உத்தமம். சிலிண்டரை போர் பண்ணிய பிறகு எடையைக் கண்டுபிடித்து என்ன செய்வது?

பேலன்ஸர் உள்ள இன்ஜினை யாராவது திறந்து மூடியதிலிருந்து உதறல் என்றால் பேலன்ஸர் கியரின் குறிகளைப் பாருங்கள். கிராங்க் கியரிலுள்ள புள்ளியும் பேலன்ஸர் கியரிலுள்ள புள்ளியும் நேர் எதிரே வர வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே வித்தியாசம் தெரியும். பாதிச் சுற்று தள்ளிப் போனால் அடக்க வேண்டிய ஷாஃப்ட்டே உதறலைக் கூட்டிக் கொடுக்கும். தட்டலும் இருக்காது, புகையும் இருக்காது, மைலேஜும் குறையாது. உதறல் மட்டும் சுற்றோடு ஏறும். புள்ளி அழிந்திருந்தால் இப்படிச் சரிபாருங்கள்: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது பேலன்ஸரின் கனமான பக்கம் பிஸ்டனுக்கு நேர் எதிர்த் திசையைப் பார்க்க வேண்டும்.

மூடியபின் இன்ஜினை ஃபிரேமில் ஏற்றும்போது ஃபவுண்டேஷன் போல்ட்டுகளை மேலே சொன்ன வரிசையிலேயே இறுக்குங்கள், ஹெட் ஸ்டேயை மறக்காதீர்கள். 500 கி.மீ ஓடியதும், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, எல்லா நட்டுகளையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச்சால் சரிபார்த்து, பெயின்ட் கோட்டைப் புதிதாக இழுத்து விடுங்கள்.